உமியில் போட்ட வாசல்

முந்தின மாலை பெய்த மழையில் கறுத்துக் கிடந்தது அந்தக் களிமண் திடல். அதன்மேல், ஒரு விரல் அகலத்துக்கு, நெல் உமியால் போட்ட கோடு. மஞ்சளாக நேரே ஓடி, மூலையில் மடங்கி, மறுபடி ஓடி, ஓர் இடத்தில் மட்டும் மூன்றடி தூரத்துக்கு விட்டுப்போயிருந்தது. விட்டுப்போன அந்த மூன்றடிதான் வாசல். அதைப் பார்த்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. தஞ்சாவூரில் ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிக டிரேசராகச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. மேலே இருப்பவர்கள் பென்சிலில் போட்ட கட்டடப் படத்தின்மேல் மெழுகுத்துணியை விரித்து, மையால் பிசகாமல் நகலெடுப்பதுதான் என் வேலை. சொந்தமாக ஒரு கோடு போட எனக்கு அதிகாரம் கிடையாது. அப்படிப்பட்டவள் அந்த உமிக்கோட்டைப் பார்த்து வெலவெலத்துப் போனேன். ஏனென்றால், முந்தின நாள் அதே இடத்தில் நாங்கள் சுண்ணாம்பால் போட்டிருந்த கோட்டில் வாசல் எதிர்ப்பக்கம் இருந்தது.

இதையெல்லாம் இப்போது கிளறக் காரணம், ஆர்க்கிடெக்ட் சாருக்குக் கிடைத்த விருது. கட்டடக்கலைக்கென்று நாட்டில் கொடுக்கிற பெரிய விருதாம். பேப்பரில் அரைப்பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். படத்தில் அவர் தலை முழுக்க நரைத்து, தோளில் சால்வையோடு, யாரோ வற்புறுத்தி நிற்க வைத்த மாதிரி நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு புகழ்கிறவள் இல்லை. அவர் கட்டியவற்றில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. சென்னையில் ஓர் அரங்கம் கட்டியிருக்கிறார். அதன் படிகளை ஏறி முடிப்பதற்குள் என் முழங்கால் இரண்டும் கழன்றுவிட்டன. உள்ளே போய் உட்கார்ந்தால் பாட்டு நன்றாகத்தான் கேட்கிறது, உட்காருகிற வரைக்கும் உயிர் இருக்க வேண்டுமே. ஆனால் பேப்பரில் அந்த அரங்கத்தைப் பற்றி இரண்டு வரிதான். மீதியெல்லாம் பாபநாசத்துக்கு வடக்கே ஒரு கிராமத்தில் அவர் இளமையில் கட்டிய நாற்பது கூலிக்காரர் வீடுகளைப் பற்றி. வாசல்களைச் சாலையை நோக்கித் திருப்பியது அவருடைய துணிச்சலான கற்பனை என்று விருதுக்குழு பாராட்டியிருந்தது. வாசித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தேன். அது பொய். அந்தப் பொய்க்கு நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அப்போது கோட்டையில் புதிய ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சுவரெல்லாம் உதயமும் விடியலும் எழுதிக் கிடந்தது. வயலில் வேறு கதை. நடவுக்கும் அறுப்புக்கும் கூலி கேட்டு ஊருக்கு ஊர் தகராறு. சிவப்புக்கொடி ஏறிய தெருவுக்குப் பக்கத்திலேயே போலீஸ் வேன் நிற்கும். கிழக்கே ஒரு கிராமத்தில் கூலி கேட்டவர்களைக் குடிசையோடு எரித்த கொடுமையைப் பற்றி அலுவலகத்தில் யாரும் உரக்கப் பேச மாட்டார்கள். குடியிருக்கக் கையளவு மனைகூடச் சொந்தமில்லாதவர்களுக்கு மனைப்பட்டாவும் வீடும் கொடுப்பதென்று அரசாங்கம் முடிவெடுத்தபோது, அந்தக் கிராமத்தில் நாற்பது குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மழைக்கு மழை முங்குகிற வாய்க்கால் பள்ளத்தில் குடிசை போட்டிருந்தவர்கள். ஊருக்குள் வரும் பஸ் ரோட்டுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே இருந்த மேட்டுத் திடலை அவர்களுக்கு ஒதுக்கினார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மிராசுதார் வீடு.

வீடுகளை வரைய ஒரு வருஷ ஒப்பந்தத்தில் சென்னையிலிருந்து வந்தவர்தான் ஆர்க்கிடெக்ட் சார். முப்பது வயதுகூட நிரம்பாது. ஜிப்பாவும், ஆணி கிழித்த ஒரு பேண்ட்டும், எப்போதும் காதில் சொருகிய பென்சிலும். பொறியாளர்கள் அவரை முதுகுக்குப் பின்னால் 'கவிஞர்' என்பார்கள். அவர் எங்கள் அதிகாரியிடம் வந்து, "வீட்டுக்குள்ள அதிகம் இருக்கப்போறது பொம்பளைங்க. அவங்ககிட்ட பேச எனக்கு ஒரு லேடி டிரேசர் வேணும்" என்று கேட்டார். அலுவலகத்தில் இருந்த ஒரே லேடி டிரேசர் நான். எங்கள் லுத்தரன் சபையில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த பெண்ணை ஜீப்பில் ஏற்றி வயலுக்கு அனுப்புவதா என்று என் அப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

சார் போட்ட வீட்டுப் படம் நன்றாகத்தான் இருந்தது. எதிரும் புதிருமாக இல்லாமல் எல்லா வீடுகளுக்கும் ஒரே பக்கம் வாசல். வாசலில் நின்றால் வாய்க்கால் தெரியும், அதற்கப்பால் கண் எட்டும் தூரம் நாற்று. "காலைல கதவைத் திறந்தா தண்ணி தெரியணும்" என்பார் சார். அவருடைய ஊரில் கதவைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரியுமாம். மிராசுதார்கூட ஒருநாள் குடையோடு வந்து படத்தைப் பார்த்துவிட்டு, "அருமையா இருக்கு சார். வாசல் வாய்க்காலைப் பாத்து இருக்கறதுதான் அழகு. காத்து அள்ளிக்கிட்டுப் போகும்" என்றார். மிராசுதாரே ஒத்துக்கொண்டுவிட்டார் என்று சாருக்கு ஒரே சந்தோஷம். ஜீப்பில் திரும்பும்போது சீட்டியடித்துக்கொண்டே வந்தார்.

எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை. நான் இந்தப் பக்கத்துப் பெண். மிராசுதார் எதற்கு அழகைப் பற்றிப் பேசுகிறார் என்று தெரியும். திடலில் குடியேறப் போகிறவர்கள் அந்த பஸ் ரோட்டில் நடப்பதில்லை. சாதி வழக்கம். பஸ் பிடிக்க வேண்டுமானால் வாய்க்கால் கரையோடு போய், வரப்பைச் சுற்றி, மிராசுதார் வீட்டைத் தாண்டி அரை மைல் தள்ளித்தான் ரோட்டில் ஏறுவார்கள். மழைநாளில் பிள்ளைத்தாய்ச்சிகளும் அப்படித்தான். வாசல் வாய்க்காலைப் பார்த்து இருந்தால் கல்வீட்டிலிருந்தும் அதே வரப்பில்தான் நடப்பார்கள், வழக்கம் அப்படியே இருக்கும். இது எனக்குத் தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தற்காலிக வேலை, புது வேலை, நமக்கெதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டு மெழுகுத்துணியில் மை ஓட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

படத்தைக் காட்டிச் சம்மதம் கேட்பதில் சாருக்கு நம்பிக்கை இல்லை. "பேப்பர்ல வீடு எப்பவும் பெருசா தெரியும்" என்பார். அதனால் திடலில் வரிசையாக ஐந்து வீடுகளை உண்மையான அளவில் சுண்ணாம்புப் பொடியால் தரையிலேயே போடச் சொன்னார். பிறகு பெண்களைக் கூப்பிட்டு, கோட்டுக்குள் ஒருநாள் முழுக்கக் குடித்தனம் நடத்தச் சொன்னார். சமைப்பது, பிள்ளையைத் தூங்க வைப்பது, குடம் வைப்பது எல்லாம். சுவர் இருக்கும் இடத்தைத் தாண்டக் கூடாது. பெண்களுக்கு முதலில் சிரிப்பாணி பொத்துக்கொண்டு வந்தது. இல்லாத கதவை ஒருத்தி தட்டினாள், இன்னொருத்தி "யாரு, வூட்டுல ஆளில்ல" என்றாள். பிறகு உண்மையாகவே கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். குனிந்து நிமிர இடம் போதவில்லை என்று தெரிந்ததும் சார் அடுப்பங்கரைக் கோட்டை அழித்து ஒன்றரையடி தள்ளிப் போட்டார். படத்தை இப்படி அடுப்புப் புகையில் நின்று திருத்துகிற ஒருவரை என் முப்பது வருஷ வேலையில் வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

அந்தப் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவரை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். அப்படியொன்றும் வயதில்லை, என்னைவிட ஏழெட்டு வருஷம் மூத்தவராக இருப்பார். நடவுக்கு ஆள் சேர்ப்பது, வயலில் முன்னால் இறங்குவது, கூலி குறைந்தால் கரையேறி நிற்பது எல்லாம் அவர்தான். பேனா பிடிக்கிற பெண் என்பதால் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார். சார் அவரிடம் நேராகவே கேட்டார்: "வாசல் இந்தப் பக்கம் சரியா இருக்காக்கா?" பெரியக்கா சுற்றிலும் பார்த்தார். மிராசுதாரின் காரியக்காரர் பூவரச மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். "நல்லாருக்குங்க சார்" என்றார் பெரியக்கா. மற்ற பெண்களும் அதையே சொன்னார்கள். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் ஜீப்பில் ஏறும்போதே சுண்ணாம்பு கரைந்து பால்போல ஓடத் தொடங்கிவிட்டது.

மறுநாள் காலையில் போனபோதுதான் அந்த உமிக்கோடு. செங்கல் சூளைக்காகத் திடலின் ஓரத்தில் மூட்டை மூட்டையாக உமி அடுக்கியிருந்தோம். விடியலில், நடவுக்குப் போவதற்கு முன்னால், யாரோ அதை எடுத்து ஐந்து வீடுகளையும் மறுபடி போட்டிருந்தார்கள். அடுப்பங்கரை முந்தின நாள் தள்ளிப் போட்ட இடத்திலேயே இருந்தது. நடுச்சுவர் அதே இடம். வாசல் மட்டும் ரோட்டுப் பக்கம். சார் டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தார். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். டேப்பும் கயிறும் இல்லாமல் காலடியால் அளந்து போட்ட கோடு, நாலு வீட்டில் இம்மி பிசகவில்லை. ஐந்தாவதில் மட்டும் வாசல் இரண்டு விரற்கடை தள்ளியிருந்தது.

"யார் போட்டது?" என்று கேட்டார். "தெரியாது சார்" என்றேன். பக்கத்து வயலில் பெரியக்கா குனிந்து நட்டுக்கொண்டிருந்தார். அவர் முழங்கைவரை உமி ஒட்டியிருந்தது. சாரும் அதைப் பார்த்தார், மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த உமி வாசல் வழியாக உள்ளே போனார், வெளியே வந்தார், மறுபடி உள்ளே போனார். வெளியே வைத்த ஒவ்வொரு அடியும் நேராக பஸ் ரோட்டில் விழுந்தது. "ஏன் இந்தப் பக்கம்?" என்றார். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. வரப்பு, வழக்கம், மிராசுதார் வீடு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டு முடித்து, "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார். தெரியும் என்று தலையாட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். ரோட்டோரத்து மைல்கல்லில் போய் உட்கார்ந்துவிட்டார். "நான் தண்ணியத்தான் பாத்தேன்" என்றார். மறுபடியும், "தண்ணிய மட்டுந்தான் பாத்தேன்." பிறகு எழுந்து வந்து, "இதை அப்படியே டிரேஸ் பண்ணுங்க" என்றார். ஐந்தாவது வீட்டின் இரண்டு விரற்கடையைத் திருத்தட்டுமா என்று கேட்டேன். "அப்படியேன்னா அப்படியே" என்றார்.

பெரியவர் என்று ஒருவரை நான் மதிப்பது தப்பு செய்யாததற்காக இல்லை. படித்த படிப்பு, போட்ட படம், சீட்டியடித்த சந்தோஷம் எல்லாவற்றையும் ஒரு மைல்கல்லில் உட்கார்ந்து எழுந்திருக்கும் நேரத்துக்குள் கீழே வைக்க முடிந்ததே, அதற்காக. விருதுக்குழுவில் நான் இருந்திருந்தால் அந்தக் காலைப்பொழுதுக்குத்தான் விருது கொடுத்திருப்பேன்.

யாரும் படத்தைப் பிரித்துப் பார்ப்பதற்குள் சார் ஆள்விட்டு நாற்பது வீட்டுக்கும் அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் பறித்துவிட்டார். கதவு நிலைகளை நிறுத்தியபோதுதான் மிராசுதாருக்கு விளங்கியது. உடனே மேலே மனு போனது. சிவப்புக்கொடிச் சங்கத்துப் பேச்சைக் கேட்டுக் கூலிப்பெண்கள் அரசாங்கப் படத்தையே திருத்திவிட்டார்கள், இப்படிப்பட்டவர்களுக்குப் பட்டா கொடுக்கக் கூடாது, ஒதுக்கீட்டை ரத்து செய்ய வேண்டும் என்று. பட்டா அப்போது கைக்கு வந்திருக்கவில்லை. பெண்கள்தான் மாற்றினார்கள் என்று நிரூபணமானால் நாற்பது குடும்பமும் திரும்பப் பள்ளத்துக்குத்தான் போக வேண்டும்.

விசாரணை பள்ளிக்கூடத்து வராந்தாவில் நடந்தது. அதிகாரி நாற்காலியில், மிராசுதார் பக்கத்து நாற்காலியில், ஊர் முழுக்கக் கீழே தரையில். "வாசலை மாத்தினது யாரு?" என்று அதிகாரி கேட்டார். பெரியக்கா எழுந்தார். பயந்தவராகத் தெரியவில்லை, சொல்லிவிடுவதென்று வந்த மாதிரிதான் இருந்தது. வாயைத் திறப்பதற்குள் சார் திரும்பி, "உக்காருங்கக்கா" என்றார். அவர் அப்படி அதட்டி நான் கேட்டதே இல்லை. பெரியக்காவின் முகம் சுண்டிப் போய்விட்டது. உட்கார்ந்தார். "நான்தான் சார் மாத்தினேன். என்னோட யோசனை. இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் சார். அடுப்பங்கரையிலிருந்து குடம் வைக்கும் மூலைவரை ஒவ்வொன்றையும் இன்னார் சொன்னது என்று படத்தின் ஓரத்திலேயே எழுதி வைக்கிற மனிதர், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அடுத்தவர் யோசனையைத் தன்னுடையது என்றார். அதுவும் அது குற்றமாக இருந்தபோது.

அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "டிரேஸ் பண்ணினது நீங்களா? இவர் வரைஞ்சதை நீங்க கண்ணால பாத்தீங்களா?" "ஆமா சார், பாத்தேன்" என்று சொல்லி வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன். ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளைகளில் எட்டாம் கற்பனையைத் தலைகீழாக ஒப்பித்தவள் நான். பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி கூடாது என்றுதானே இருக்கிறது, இது விரோதமாக இல்லையே என்று கர்த்தரிடம் ஒரு வாரம் வாதாடிப் பார்த்தேன். அவர் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

சாரின் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். அனுமதியில்லாமல் படத்தை மாற்றினார் என்று எழுதி, பல வருஷம் அவருக்கு அரசாங்க வேலையே வராமல் செய்துவிட்டார்கள். கடைக்கால் பறித்து நிலையும் நிறுத்தியாயிற்று என்பதால் வீடுகள் மாற்றிய படத்தின்படியே எழுந்தன. அவர் வடிவமைத்த புகைபோக்கி மட்டும் சுத்த மோசம், புகை வெளியே போகாமல் உள்ளேயே திரும்பியது. முதல் மாதத்திலேயே பெண்கள் அதை ஓடு வைத்து அடைத்துவிட்டார்கள். குடியேறிய அன்று காலையில் நாற்பது வாசலிலிருந்தும் ஆட்கள் நேரே ரோட்டில் இறங்கி பஸ்ஸுக்கு நின்றார்கள். மிராசுதார் வீட்டு ஜன்னல்கள் சில மாதம் சாத்தியே கிடந்தன, பிறகு ஒருநாள் திறந்துகொண்டன. ஐந்தாவது வீடு பெரியக்காவுக்கு வந்தது. பின்னால் ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது அவரைப் பார்த்தேன். "எதுக்காக சொன்னாருன்னு புரியுது டீச்சர். இருந்தாலும் ஊரு முன்னாடி என்னைய உக்காருன்னுட்டாருல்ல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அது ஆறவில்லை என்று தெரிந்தது.

விருது விழாவைத் தஞ்சாவூரில்தான் வைக்க வேண்டும் என்று சார் பிடிவாதம் பிடித்தாராம். எனக்கும் அழைப்பு வந்தது. பின்பக்கத்தில் நடுங்கிய கையெழுத்தில், 'பெரியக்காவை அழைத்து வாருங்கள்' என்று ஒரு வரி. கார் எடுத்துக்கொண்டு போனேன். "அந்தப் படிச்சவங்க கூட்டத்துல எனக்கு என்ன சோலி" என்று முதலில் மறுத்தார். பிறகு கஞ்சி போட்ட பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து காரில் ஏறினார்.

மேடையில் அந்தப் பாராட்டை முழுக்க வாசித்தார்கள், துணிச்சலான கற்பனை உட்பட. சார் மைக்கைப் பிடித்து, எழுதி வைத்திருந்த தாளைப் பையில் போட்டுக்கொண்டார். "அந்த வாசல் நான் வச்சது இல்ல. நான் தப்பான பக்கம் வச்சிருந்தேன். சரியா வச்சவங்க வேற. விசாரணைல நான்தான்னு பொய் சொன்னேன்" என்றார். அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்துச் சபை கைதட்டியது. எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கண்ணை இடுக்கிக்கொண்டு வரிசை வரிசையாகத் தேடி, மேடையிலிருந்தே எங்களைக் கண்டுபிடித்தார். "அன்னைக்கு ஊரு முன்னாடி உங்களை உக்காரச் சொன்னேன்க்கா. இப்ப எந்திரிங்க."

பெரியக்கா அசையவில்லை. நான் கையைக் கொடுத்தேன், அதைத் தள்ளிவிட்டார். முன்நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் ஒவ்வொன்றாக, தானே எழுந்தார். மைக் எதுவும் அவர் பக்கத்தில் இல்லை. நாலு வயல் தாண்டி ஆள் கூப்பிடுகிற குரல், அது மட்டும் தேயவே இல்லை.

"அஞ்சாவது வூட்டுல ரெண்டு வெரக்கடை தள்ளிப் போச்சு சார். மழை ஈரத்துல கை வழுக்கிடுச்சு. அது எந் தப்புதான்."

சபைக்கு ஒன்றும் புரியவில்லை. மேடையில் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார், பிறகு அழுதார். பக்கத்தில் நான் வெட்கமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன். அந்த இரண்டு விரற்கடையை மையால் நகலெடுத்தவள் நான்தானே.

பொழுது சாய்வதற்குள் பெரியக்காவை ஊரில் கொண்டுபோய் விட்டேன். ஐந்தாவது வீட்டின் நிலை இன்றைக்கும் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது, தெரிந்தவர்களுக்குத் தெரியும். கார் பஸ் ரோட்டிலேயே நின்றது. பெரியக்கா இறங்கினார், சேலையை உதறிக்கொண்டார், நாலு எட்டு வைத்தார். வீட்டுக்குள் இருந்தார்.